48 பேர் வரும் எபிஸ்கோப்பல் சபை, காகிதத்தில் பதினோரு ஊழியக் குழு: எங்கிருந்து தொடங்குவது?

வெஸ்ட்ரிக்குப் புதுசு

எல்லாருக்கும் தோத்திரம். அமெரிக்காவில் ஒரு எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) பாரிஷில், அதாவது உள்ளூர் சபையில், ஜனவரி ஆண்டுக் கூட்டத்தில் என்னை வெஸ்ட்ரிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சபையை நிர்வகிக்கும் குழு அது; சி.எஸ்.ஐ. ஆட்களுக்குச் சொன்னால் சேகரக் கமிட்டி மாதிரி. ஆனால் இங்கே எது யார் அதிகாரம் என்பது இன்னும் பிடிபடவில்லை.

நிலவரம் இது: ஞாயிறு சராசரி வருகை 48. குருவானவர் அரைநேரப் பணி, பிரீஸ்ட்-இன்-சார்ஜ். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார், சில மாதம் மூன்று. காகிதத்தில் பதினோரு ஊழியக் குழு. எதைத் திறந்து பார்த்தாலும் அதே பத்துப் பேர். அந்தப் பத்தில் நாலு பேர் இந்த வருஷம் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெஸ்ட்ரி யோசனை: சபை முழுக்க ஒரு கருத்துக் கணிப்பு, இளைஞர் ஊழியம் ஒன்று, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு புதுப்பித்தல் குழு. அதாவது பன்னிரண்டாவது குழு.

கேட்க நினைப்பது: எதை வைப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது? ஒரு குழுவை மூட வெஸ்ட்ரிக்கு அதிகாரம் உண்டா? குருவானவர் இல்லாத ஞாயிறு நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? பணத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

---

ரோஸ்டர் அக்கா

முதலில் அந்தக் கருத்துக் கணிப்பை நிறுத்துங்க தம்பி. "சபையில் என்ன இருந்தால் நல்லது?" என்று கேட்டால் ஆசை எழுதுவார்கள். யார் செய்வது என்ற இடம் காலியாகவே வரும். பிறகு "கேட்டீர்களே, ஒன்றும் செய்யவில்லையே" என்ற வருத்தம் வேறு சேரும்.

அதற்குப் பதில் ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். வேலை; இப்போது செய்பவர்; மாதத்துக்கு எத்தனை மணி நேரம்; அவர் ஆறு வாரம் வராவிட்டால் யார் செய்வார்; மூன்று மாதம் நிறுத்தினால் யாருக்கு என்ன குறையும். ஒவ்வொரு குழுத் தலைவரிடமும் நேரிலோ போனிலோ இருபது நிமிஷம் பேசி நீங்களே நிரப்புங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பாதி திரும்பி வராது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அது அவசரம். ஐந்தாவதில் ஒன்றும் எழுத முடியாவிட்டால் அந்த வேலையை மூடலாம். சாவி, கடவுச்சொல், ஹீட்டர் நேரம் வைப்பது, இணையதளப் பெயரைப் புதுப்பிப்பது ஆகியவற்றையும் எழுதுங்கள். இவற்றை யாரும் ஊழியம் என்று சொல்வதில்லை, நின்றால்தான் தெரியும்.

அடுத்தது ஞாயிறு கணக்கு. சிலுவை ஏந்த 1, வாசகர் 2, மன்றாட்டு ஜெபம் 1, பாத்திரம் கொடுக்க 1, வாசலில் 2, பீடம் 2, காணிக்கை எண்ண 2, காபி 1. மொத்தம் 12. வருஷத்துக்கு 624 முறை. 48 பேரில் குழந்தைகள், முடியாதவர்கள், எப்போதாவது வருபவர்கள் போக 28 பேர் என்று வையுங்கள்: ஆளுக்கு 22 முறை. பத்தே பேர் செய்தால் ஆளுக்கு 62. வருஷத்தில் ஞாயிறே 52தான்! அவர்கள் ஏன் போதும் என்கிறார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதைக் குறைக்கலாம். இரண்டாவது வாசகரே மன்றாட்டு ஜெபத்தையும் நடத்தட்டும். வாசலில் நிற்கும் இருவரே காணிக்கையை எண்ணட்டும், ஒரே குடும்பத்தார் இல்லாதவரை. சிலுவை ஏந்துவது பண்டிகைகளுக்கு மட்டும். 12 என்பது 8 ஆகும், வருஷத்துக்கு 416, ஆளுக்கு 15. ஆராதனையில் ஒரு வரி குறையவில்லை.

அதிகாரம் பற்றி. கேனன் சட்டப்படி (திருச்சபையின் சட்டம்) வழிபாடும் ஆவிக்குரிய காரியங்களும் ரெக்டர் (நிரந்தரக் குருவானவர்) அல்லது பிரீஸ்ட்-இன்-சார்ஜ் (பொறுப்புக் குருவானவர்) பொறுப்பு, பேராயரின் வழிநடத்துதலுக்கு உட்பட்டு. வெஸ்ட்ரி என்பது பாரிஷின் சொத்துக்கும், குருவானவரோடு பாரிஷுக்கு உள்ள உறவுக்கும் சட்டப் பிரதிநிதி. அதனால் ஆல்டர் கில்ட் (பீடத்தைத் தயார் செய்யும் குழு), பாடகர் குழு, வாசகர் பட்டியல் எல்லாம் வெஸ்ட்ரி ஓட்டுக்கு வரும் விஷயமே இல்லை. பணம் ஒதுக்குவது, கட்டடம், காப்பீடு உங்கள் பக்கம். இந்தக் கோடு தெரியாமல்தான் பல வெஸ்ட்ரிகள் மூன்று மணி நேரம் பூச்செண்டு பற்றிப் பேசுகின்றன. அறிக்கைகளை ஐந்து நாள் முன்பே அனுப்பி, கூட்டத்தில் வாசிக்காமல் ஒரே தீர்மானத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். தொண்ணூறு நிமிஷம் போதும்.

மூடும்போது மெல்லச் சாகவிடாதீர்கள். தேதி குறியுங்கள். அந்த ஞாயிறு ஆராதனையில் செய்தவர்களின் பெயர் சொல்லி நன்றி ஜெபம் வையுங்கள். பொருள்கள் எங்கே போகின்றன என்று எழுதிவையுங்கள். தேதி இல்லாமல் நின்ற குழுவைப் பற்றி மூன்று வருஷம் கழித்தும் யாரோ ஒருவர் குற்ற உணர்வோடு இருப்பார்.

புதியது ஒன்றே ஒன்று தொடங்குங்கள். மூன்று பேர் வேண்டும், ஒரே வீட்டார் இல்லாமல், அதில் ஒருவராவது அந்தப் பத்துக்கு வெளியே இருந்து. அது கிடைக்காவிட்டால் தொடங்க வேண்டாம். லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) முடிந்த ஞாயிறு ஆரம்பித்தால் திருவருகைக் காலத்துக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறு) முன் 11 அல்லது 12 ஞாயிறு கிடைக்கும், ஒரு சோதனைக்கு அது சரியான அளவு. திருவருகைக் காலத்தில் தொடங்கியது கிறிஸ்துமஸில் கரைந்துவிடும். முடியும் தேதியை முதலிலேயே சொல்லுங்கள். நம் ஆட்கள் பொறுப்புக்குப் பயப்படுவது வேலைக்காக இல்லை. ஒருமுறை தலையாட்டினால் ஆயுள் தண்டனை என்று தெரியும், அதனால்.

---

ரூப்ரிக்

அக்கா சொன்ன கணக்கு சரி. வரிசைதான் எனக்கு ஒப்பவில்லை. முதலில் ஞாயிறு காலையை நிலைநிறுத்துங்கள், பிறகு குழுக்களை எண்ணலாம். ஒரு வாரம் நற்கருணை, மறுவாரம் என்ன நடக்கும் என்று வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் தெரியாது என்றால் ரோஸ்டர், அதாவது யார் எப்போது என்ன செய்வது என்ற பட்டியல், எப்படி நிற்கும்? மூன்று மாதத்துக்கு எந்த ஞாயிறு எந்த ஆராதனை என்று அச்சிட்டு ஒட்டுங்கள்.

குருவானவர் இல்லாத ஞாயிறுக்கு 1979 ஜெப புத்தகத்தில் வழிகள் இருக்கின்றன.

ஒன்று, காலை ஜெபம். ரைட் டூ (தற்கால மொழி வடிவம்) 75ஆம் பக்கம். முழுவதையும் சபையார் ஒருவர் நடத்தலாம். பாவ அறிக்கைக்குப் பிறகு வரும் மன்னிப்பு வரிகளில் மட்டும் கவனம்: நடத்துபவர் முழங்காலிலேயே இருந்து, "உங்களுக்கு", "உங்கள்" என்று வரும் இடங்களில் "எங்களுக்கு", "எங்கள்" என்று மாற்றிச் சொல்ல வேண்டும். இது புத்தகத்திலேயே இருக்கும் குறிப்பு. மறந்து அப்படியே வாசிப்பவர்கள் நிறைய. நடத்துபவரின் பிரதியில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டு, நற்கருணை ஆராதனையின் முதல் பாதி. 406, 407ஆம் பக்கங்களில் இருக்கிறது: மன்றாட்டு ஜெபம் வரை வழக்கம்போல் நடத்தி, பாட்டு, காணிக்கை, கர்த்தருடைய ஜெபம், பிறகு கிருபை வாழ்த்து அல்லது சமாதானம் பகிர்தல். குருவும் டீக்கனும் (குருவுக்கு அடுத்த நிலை அருட்பணியாளர்) இல்லாவிட்டால் ஆசீர்வாதம் தவிர மற்றதைச் சபையார் ஒருவர் சொல்லலாம். நற்கருணைக்குப் பழகிய சபைக்கு இது எளிது, பக்கம் புரட்டுவது குறைவு. ஆனால் பாதியில் நின்ற மாதிரி ஒரு உணர்வு வரும். என் தேர்வு காலை ஜெபம். அது தன்னளவில் முழு ஆராதனை.

மூன்றாவது வழி டீக்கன் இருந்தால் மட்டும். முன்பே பிரதிஷ்டை செய்து வைத்த அப்பரசத்தை, பேராயர் அனுமதித்தால், டீக்கன் சபைக்கு விநியோகிக்கலாம் (408). இதைப் பார்த்துவிட்டு "நம்மிடம் யூக்கரிஸ்டிக் விசிட்டர் இருக்கிறாரே, அவர் ஞாயிறு கொடுக்கட்டும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கூடாது. அந்த உரிமம் நோயாலோ தள்ளாமையாலோ வர முடியாதவர்களுக்கு, ஆராதனை முடிந்ததும் தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும்.

உரிமங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வர்ஷிப் லீடர் ஆராதனையை நடத்த. பிரீச்சர் பிரசங்கிக்க. யூக்கரிஸ்டிக் மினிஸ்டர் ஆராதனைக்குள் அப்பமோ பாத்திரமோ கொடுக்க. யூக்கரிஸ்டிக் விசிட்டர் வீட்டுக்குக் கொண்டுபோக. கேட்டகிஸ்ட் ஞானஸ்நானம், திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்ய. எல்லாம் பேராயர் தருவது, குறிப்பிட்ட காலத்துக்கு. ஒரே ஆள் இரண்டு மூன்று வைத்திருக்கலாம். வேதபாடம் வாசிக்க உரிமம் வேண்டாம். விண்ணப்பம் குருவானவர் வழியாகப் போக வேண்டும், பயிற்சியைத் திருமண்டலம் வகுக்கும். இன்று முடிவெடுத்தால் அடுத்த மாதமே கையில் வரும் என்று எண்ணாதீர்கள். இரண்டு பேரை இப்போதே அனுப்புங்கள். ஒருவரை மட்டும் அனுப்பினால் அவர் ஊருக்குப் போகும் வாரம் மறுபடி பழைய கதை.

காலை ஜெபத்தில் வழக்கமாகச் சொதப்பும் இடம் தேர்வுகள். வேதபாடத்துக்குப் பின் எந்தக் கீதம், விண்ணப்பத் தொடர் A-வா B-யா (97, 98), எந்த கலெக்ட் (அன்றைக்குரிய குறுஞ்ஜெபம்): இதையெல்லாம் நின்றுகொண்டே முடிவு செய்தால் சபை தொலைந்துபோகும். ஒரு பருவகாலத்துக்கு ஒரே தேர்வு, பக்க எண்ணோடு ஒரு தாள். விசுவாசப் பிரமாணம் இங்கே அப்போஸ்தலருடையது. கை தானாக நிசேயாவுக்குப் போகும்.

---

கணக்கு அண்ணாச்சி

நாலாவது கேள்விக்கு வாரேன். நீங்க மூடப்போகிற குழுவுக்கு ஒரு பேங்க் கணக்கு இருக்கும். இல்லைன்னு சொல்வாங்க, இருக்கும். பெண்கள் குழு, பஜார் குழு, பழைய பாடகர் குழு என்று ஒவ்வொன்றும் பாரிஷின் வரி எண்ணிலேயே தனித்தனியாகத் திறந்து வைத்திருப்பார்கள். ஸ்டேட்மென்ட் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். கையெழுத்துப் போடுகிறவர் பத்து வருஷம் முன்பே இடம் மாறியிருப்பார்.

கேனன் சட்டம் பாரிஷ் கணக்குகள் எல்லாவற்றையும் வருஷா வருஷம் தணிக்கை செய்யச் சொல்கிறது; அறிக்கை செப்டம்பர் 1க்குள் திருமண்டலத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கக் கணக்குகளும் இதில் அடக்கம். வங்கிக்குக் கடிதம் எழுதி, பாரிஷ் வரி எண்ணில் இருக்கும் எல்லாக் கணக்கின் பட்டியலையும் கேளுங்கள். வருவது பெரும்பாலும் அதிர்ச்சிதான்.

குழுவை மூடும்போது அந்தப் பணத்தைப் பொது நிதியில் கொட்டிவிடாதீர்கள். பீடத்துக்கு என்று, பிள்ளைகளுக்கு என்று கொடுப்பவர் குறிப்பிட்ட காணிக்கை அந்தக் காரியத்துக்கே போகணும். வெஸ்ட்ரி நினைத்தால் நோக்கத்தை மாற்ற முடியாது. குழு தானே விற்றுச் சேர்த்த, யாரும் நோக்கம் குறிக்காத பணம் வேறு. இரண்டையும் பிரித்து எழுதி, தீர்மானம் போட்டு, மினிட்ஸில் ஏற்றுங்கள்.

காணிக்கை எண்ணுவது: இரண்டு பேர், உறவினர் இல்லாதவர்கள், ஆராதனை முடிந்த உடனே, ஆலயத்திலேயே. ரொக்கம், காசோலை தனித்தனி. தாளில் இருவரும் கையெழுத்து. அந்தத் தாளின் ஒரு பிரதி பொருளாளர் இல்லாத ஒருவரிடம். பொருளாளரே எண்ணி, பொருளாளரே கட்டி, பொருளாளரே எழுதுவது அவர் யோக்கியர் என்பதால்தான் நடக்கிறது. ஏதாவது வித்தியாசம் வந்தால் அந்த யோக்கியர்தான் முதலில் சிக்குவார்.

நன்கொடை 250 டாலர் அல்லது அதற்கு மேல் ஒரே தடவையாகக் கொடுத்தவர் வரிக்கழிவு கேட்க எழுத்துமூலச் சான்று வேண்டும். ஜனவரியில் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், நன்றியோடு. அந்தக் கடிதத்தில் இரண்டு வரி, பணம் எங்கே போனது என்று எழுதினால் அதுவே அடுத்த வருஷப் பிளெட்ஜுக்கு (இவ்வளவு தருவேன் என்ற காணிக்கை உறுதிக்கு) முதல் அழைப்பு.

பிளெட்ஜ் காலண்டர்: அக்டோபர் முதல் வாரம் கடிதம், நவம்பர் நடுவில் அட்டை சேர்க்கும் ஞாயிறு, டிசம்பரில் வெஸ்ட்ரி பட்ஜெட், ஜனவரியில் ஆண்டுக் கூட்டம். அட்டை கொடுக்காதவர்களுக்கு நவம்பர் கடைசியில் ஒருவர் போன் செய்யணும். மறுபடி கடிதம் போட்டால் பலன் இல்லை. "பட்ஜெட்டில் துண்டு விழுது, காப்பாத்துங்க" என்று கெஞ்சுகிற கடிதம் ஒரு வருஷம் வேலை செய்யும், இரண்டாம் வருஷம் செய்யாது.

குருவானவரின் நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். சம்பளத்தோடு கணக்கு முடியாது: குருமார் பென்ஷனுக்குப் பாரிஷ் கட்டுவது அவருடைய மொத்த ஊதியத்தில் 18 சதவீதம். வீட்டு வசதியும் அந்த ஊதியத்தில் சேரும். 10,000 டாலர் கூட்டினால் 11,800. அரைநேரக்காரர் என்று இதில் விலக்கு இல்லை. இன்னொன்று, வீட்டுப்படியை (சம்பளத்தில் வருமானவரி இல்லாத வீட்டுச் செலவுப் பங்கு) வெஸ்ட்ரி முன்கூட்டியே தீர்மானம் போட்டு ஒதுக்கணும். டிசம்பர் கூட்டத்தில் விட்டுவிட்டால் பின்தேதியிட்டுச் சரிசெய்ய முடியாது, நஷ்டம் அவருக்கு.

பாரிஷ் ஹாலை வாடகைக்கு விடுவது புதுப்பித்தல் இல்லை, வருமானம். இரண்டையும் குழப்பாதீங்க. வாடகைக்கு வருகிறவர்களிடம் காப்பீட்டுச் சான்று வாங்கி, அதில் பாரிஷையும் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டடத்தின் பயன்பாடு குருவானவர் கையில், ஒப்பந்தம் வெஸ்ட்ரி கையில். சொத்தை விற்பதோ அடமானம் வைப்பதோ பேராயர், திருமண்டல ஸ்டாண்டிங் கமிட்டி இருவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நடக்காது. பல வருஷக் குத்தகை என்றால் கையெழுத்துக்கு முன் திருமண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வருமானத்தால் சொத்துவரி விலக்கு பாதிக்குமா என்பதை உள்ளூர் வரி அலுவலகத்தில் முன்பே விசாரிக்கணும்.

---

வெஸ்ட்ரிக்குப் புதுசு

மூவருக்கும் நன்றி. அண்ணாச்சி, வங்கிக்கு எழுதச் சொல்லிவிட்டேன்.

ஒரு துணைக் கேள்வி. ஆல்டர் கில்டில் இரண்டே பேர், இருவருக்கும் எண்பதுக்கு மேல். அக்கா சொன்ன நான்காவது கட்டம் இங்கேதான் காலி. சொல்லிக்கொடுங்கள் என்றால் "அதெல்லாம் சொல்லிக்கொடுத்து வராது" என்கிறார்கள். சமீபத்தில் வந்த இரண்டு குடும்பங்களை இதில் போடலாமா?

---

பீடத்துணி

அந்த அம்மாமார் சொல்வதில் பாதி உண்மை. கை வேலை, எழுதி வைக்காதது. அதனால் "சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்காமல், "நீங்கள் செய்யுங்கள், நாங்கள் படம் எடுத்துக்கொள்கிறோம்" என்று கேளுங்கள். ஒரே சனிக்கிழமை போதும். பீடம் தயாரான நிலை, பக்க மேசை, பாத்திரத்தின் மேல் துணிகள் அடுக்கிய வரிசை, அலமாரியின் ஒவ்வொரு இழுப்பறை. படங்களை அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, சாக்ரிஸ்டியில் (ஆராதனைப் பொருள்கள் வைக்கும் அறை) மாட்டுங்கள். பீடத் துணியின் நிறம் மாறும் தேதிகள் வருஷம் முழுக்க ஒரு தாளில். இரண்டு பேர் கொண்ட அணி, மாதத்துக்கு ஒன்று; சனிக்கிழமை 45 நிமிஷம், ஆராதனைக்குப் பின் அரை மணி. மூன்று அணி இருந்தால் வருஷத்தில் ஒருவருக்கு நாலே மாதம். பழையவர்கள் இருவரையும் ஒரே அணியில் போடாமல் ஆளுக்கொரு அணியில் வையுங்கள்.

புதியவர்கள் தவறு செய்யும் இடங்கள்:

ரசம் ஊற்றும் அளவு. ஒருவர் ஒரு மிடறு என்றால் 5 முதல் 8 மில்லிதான். நாற்பது பேர் எடுத்தால் 200 முதல் 320 மில்லி. பாட்டிலில் பாதியை ஊற்றிவிட்டால், பிரதிஷ்டைக்குப் பின் மிஞ்சியதை நோயாளிகளுக்கு எடுத்து வைத்தது போக அங்கேயே பயபக்தியோடு அருந்தி முடிக்க வேண்டும். யாரோ ஒருவர் அப்புறம் கார் ஓட்ட வேண்டும்! போதாமல் போனால் கவலை இல்லை, கூடுதலாகப் பிரதிஷ்டை செய்ய 408ஆம் பக்கத்தில் ஜெபம் இருக்கிறது. பீடத்தில் ஒரே பாத்திரம், மீதி ரசம் குடுவையில், அப்பம் பிட்ட பிறகு மற்ற பாத்திரங்களில் ஊற்றுவது: இதுவே புத்தகம் சொல்லும் முறை.

துணி. பாத்திரம் துடைக்கும் பியூரிஃபிகேட்டரை நேரே வாஷிங் மெஷினில் போடக் கூடாது. முதலில் குளிர்ந்த நீரில் அலசி, அந்த நீரைப் பிசினாவில் ஊற்ற வேண்டும். அது சாக்கடைக்குப் போகாமல் மண்ணுக்குப் போகும் தொட்டி. பிசினா இல்லாவிட்டால் வெளியே மண்ணில். வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். உதட்டுச் சாயத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, ஊறவிட்டுத் துவையுங்கள். குளோரின் பிளீச் வேண்டாம், லினன் இழை நைந்துவிடும். கஞ்சியும் வேண்டாம், விறைத்த துணி ரசத்தை உறிஞ்சாது. ஈரம் காயும் முன்பே இஸ்திரி போட வேண்டும், காய்ந்த லினனின் சுருக்கம் லேசில் போகாது.

கார்ப்பரலை (அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் அடியில் விரிக்கும் துணி) மூன்றுக்கு மூன்றாக, ஒன்பது சதுரம் வருமாறு உள்பக்கமாக மடிக்க வேண்டும், அப்பத் துணுக்கு வெளியே சிந்தாதபடி. பீடத்தின் பெரிய துணியை மடிக்கவே கூடாது. அட்டைக் குழாயில் சுற்றுங்கள்.

மெழுகு சிந்தினால் நகத்தால் சுரண்டாதீர்கள். ஐஸ் வைத்து இறுகவிட்டு மழுங்கிய கத்தியால் எடுத்து, மிச்சத்துக்கு மேலும் கீழும் காகிதம் வைத்து மிதமான இஸ்திரி. காகிதத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சிய மெழுகு திரும்பத் துணிக்கே வரும்.

பியூரிஃபிகேட்டர் எத்தனை வேண்டும் என்றால், ஞாயிறுக்கு இரண்டு, மாதம் பத்து. இருபது இருந்தால் ஒவ்வொரு வாரமும் துவைக்க வேண்டாம், மாத அணி ஒரே தடவையில் முடித்துவிடும். அலசுவது மட்டும் அன்றன்றே.

---

வாசலில் நிற்பவர்

அந்த இரண்டு குடும்பங்களை விடுங்கள். வந்த மூன்றாம் வாரமே கையில் ரோஸ்டரைக் கொடுத்தால், ஆள் பற்றாக்குறைக்குத்தான் நம்மை வரவேற்றார்கள் என்று புரிந்துகொள்வார்கள். ஆறு மாதம் கழித்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, குருவானவர் அல்லது அந்த வேலையைச் செய்பவரே கேட்க வேண்டும். பொது அறிவிப்பில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டிய அவசியம்கூட யாருக்கும் இல்லை.

புதியவருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒரு போனோ செய்தியோ, ஒரே ஆளிடமிருந்து. ஐந்து பேர் பேசினால் பயந்துவிடுவார். ஆராதனை முடிந்ததும் முதல் மூன்று நிமிஷம் பழைய உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசாமல் இருக்கப் பழக்குங்கள். புதியவர் வாசலைத் தாண்டிப் போக அவ்வளவு நேரம்தான் ஆகும்.

ஜெப புத்தகம், 1982 பாட்டுப் புத்தகம், அறிவிப்புத் தாள் என்று மூன்றைக் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்வது புதியவருக்குச் சோதனை. முழு ஆராதனையையும் ஒரே தாளில் அச்சிடலாம். 1979 ஜெப புத்தகத்துக்குப் பதிப்புரிமை இல்லை, தாராளமாக. பாட்டுகளுக்கு அப்படி இல்லை: உரிமை உள்ள பாட்டை அச்சிட உரிமம் வேண்டும், இணையத்தில் ஒளிபரப்ப அதற்கென்று தனி உரிமமும் வேண்டும். ஒளிபரப்பை மறந்துவிடுகிற சபைகள் ஏராளம்.

இளைஞர் ஊழியம் பற்றி ஒரே வார்த்தை: பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும், ஒருவரே இருந்தாலும், உறவில்லாத இரண்டு பெரியவர்கள் வேண்டும். இருவருக்கும் பின்னணிச் சோதனையும் திருமண்டலத்தின் சேஃப் சர்ச் (சபையில் பிள்ளைகள் பாதுகாப்பு) பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். அறைக் கதவில் கண்ணாடி, இல்லாவிட்டால் கதவு திறந்தே இருக்கட்டும். விடுப்புக்கு மாற்று ஆளும் சேர்த்தால் நாலு பேர். நாலு பேர் இல்லாமல் அறிவித்துவிட்டு, இரண்டாம் வாரம் "இன்று வகுப்பு இல்லை" என்று தாள் ஒட்டினால் பெற்றோர் திரும்பி வரமாட்டார்கள். அதைவிடப் பிள்ளைகளை ஆராதனையிலேயே வைத்துக்கொண்டு, வாசிக்கவும் காணிக்கை எடுக்கவும் விடலாம். அக்காவின் 28 அங்கேயே 31 ஆகும்.

---

ரோஸ்டர் அக்கா

31 ஆனால் ஆளுக்கு 13 முறைதான் வரும், எனக்குச் சந்தோஷமே. ரூப்ரிக் சொன்ன வரிசையையும் ஒப்புக்கொள்கிறேன்: ஆராதனை அட்டவணை முதலில், என் தாள் அதற்கு அடுத்த வாரம்.

தம்பி, ஒன்று விட்டுப்போனது. ஆண்டு அறிக்கையான பரோக்கியல் ரிப்போர்ட் மார்ச் 1க்குள் போக வேண்டும். வருகைப் பதிவேட்டை எடுத்துச் சராசரி போடும்போதே, நற்கருணை ஞாயிறுக்குத் தனியாகவும் காலை ஜெப ஞாயிறுக்குத் தனியாகவும் ஒரு சராசரி போட்டுப் பாருங்கள். அறிக்கைக்கு அது தேவையில்லை, உங்களுக்குத் தேவை. வித்தியாசம் ஐந்து பேருக்குள் என்றால் கவலை வேண்டாம். பதினைந்து என்றால் முதல் சோதனை இளைஞர் ஊழியம் இல்லை, அந்தக் காலை ஜெப ஞாயிறுதான்.

---

கணக்கு அண்ணாச்சி

பட்டியல் வந்ததும் முதல் வேலை: எல்லா ஸ்டேட்மென்ட்டும் ஆலய முகவரிக்கு வரும்படி மாற்றி, பொருளாளர் பிரிக்கும் முன் வார்டன் (வெஸ்ட்ரியின் முதன்மைப் பொறுப்பாளர்) ஒருவர் பிரித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கணும். கணக்கை மூடுவது அதுக்கு அப்புறம். அவசரப்பட்டு மூடினால் வெளியே நிற்கிற காசோலை திரும்பும். கடைசிக் காசோலை தேதியிலிருந்து ஒரு ஆறு மாதம் விட்டு மூடுங்க.